சுண்டுவிரல் அகலம்

கொழுந்தன் குனிந்து, காருக்கும் மதிலுக்கும் நடுவே டேப்பை நீட்டி அளந்தான். அளந்ததை நம்பாமல் மறுபக்கம் போய் அங்கேயும் அளந்தான்.

“அண்ணி, இந்தப் பக்கம் ரெண்டடி. அந்தப் பக்கம் ஒண்ணே முக்கால். நாலு பேர் பெட்டியைத் தூக்கிட்டு உள்ள வர முடியாது.”

அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே இருந்த அத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டு அவள் கணவருடைய கார் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. சக்கரம் ஒன்றுகூட இல்லை. மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவருவார்கள். முப்பது வருடமாக ஊரில் இருக்கிற கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்து, ஜனங்களை மேலே அனுப்பிக் கீழே இறக்கிய மனுஷன். இன்றைக்குச் சொந்த வீட்டுக்குள் வர அவருக்கு வழியில்லை.

“போறப்பவும் வழியை அடைச்சுட்டுத்தான் போயிருக்கார்,” என்றாள்.

சிரிப்பதா வேண்டாமா என்று கொழுந்தனுக்குத் தெரியவில்லை. டேப்பைச் சுருட்டினான்.

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கிய பச்சை ஸ்போர்ட்ஸ் கார் அது. யாருடைய கொட்டகையிலோ துருப்பிடித்துக் கிடந்ததைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிவந்து, லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக்கிடந்து ஓடவைத்தார். அவள் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. இருக்கைக்கு உறை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். சோபாவுக்கும் ஜன்னலுக்கும் துணி தைக்கிற கடையில் அவளுக்கு வேலை. “சக்களத்திக்குச் சட்டை தைக்கிற பொண்டாட்டியை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டுக் கேட்டே தைத்து முடித்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு டாக்டர் இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லவேண்டியதைச் சொன்னார். கூடிப்போனால் ஆறு மாதம் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டைத் திறக்கும்போதுதான் பேசினார்.

“டயர் நாலும் வெடிப்பு விட்டிருச்சு. மாத்தணும்.”

மறுநாளே பழைய டயர்களைக் கழற்றிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். பழசு இருந்தால் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாராம். அப்படியும் என்னத்தை முடிவெடுத்தார்? கம்பெனி போட்டுக்கொடுத்த நூற்றியெண்பத்தைந்தா, அதைவிடக் கொஞ்சம் அகலமான நூற்றித்தொண்ணூற்றைந்தா? வித்தியாசம் பத்து மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்கூட முழுசாக வராது. அதற்கு மூன்று மாதம் பேசினார். அகலமானது வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் மழையில் கம்பெனியின் ஸ்டாண்டர்ட் அளவுதான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அகலமானது பின்னாலிருந்து பார்க்க லட்சணம். ஆனால் வண்டியைச் செய்தவன் என்ன முட்டாளா? காலையில் அகலம், மத்தியானம் ஸ்டாண்டர்ட், சாயங்காலம் மதில்மேல் பூனை. ஊசி போட வந்த நர்ஸிடமும் கேட்டார், மீட்டர் பார்க்க வந்தவரிடமும் கேட்டார்.

பேட்டரி இறங்கிவிடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சக்கரமில்லாத காரில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓடவிடுவார். பக்கத்து இருக்கையில் அவள் டீ டம்ளரோடு உட்கார்ந்திருப்பாள். அரைமணி நேரச் சவாரி. ஓரடிகூட நகராத சவாரி. அப்போதும் டயர்ப் பேச்சுதான்.

அவளுக்கு உள்ளுக்குள் எரியும். டாக்டர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை, நான் போனபின் நீ என்ன செய்வாய் என்று ஒரே ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்திருக்கக்கூடாதா? இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் நெஞ்சை அடைத்துக்கொண்டு நின்றது.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். “சித்தப்பா, பத்து பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தூக்கி ஓரமா வச்சிடலாமே?”

“ஓரம்னு ஒண்ணு இருந்தாத்தானே? சக்கரத்தை மாட்டித் தெருவுக்கு எடுத்தாத்தான் உண்டு.”

கேட்டருகே யாரோ செருமினார்கள். தெருமுனை டயர்க் கடைக்காரர். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

“வண்டி வழியில நிக்குமேன்னு வந்தேன். போன்ல கேக்க மனசு வரலக்கா,” என்றார். “ரிம் நாலும் கடையிலதான் இருக்கு. ரெண்டு அளவுலயும் அண்ணனுக்காகத் தனியா எடுத்து வச்சிருக்கேன். எதுன்னு சொன்னீங்கன்னா ஒரு மணி நேரத்துல ஏத்திக் கொண்டாந்துடுவேன்.”

“அகலமானது,” என்றான் கொழுந்தன். “அண்ணன் என்கிட்ட முடிவாவே சொல்லிட்டார்.”

“எப்ப சொன்னார்?” என்றாள் மகள்.

“போன மாசம்.”

“என்கிட்ட ரெண்டு வாரம் முன்னாடி ஸ்டாண்டர்ட்தான்னு சொன்னாரே.”

“சரி, ஏதோ ஒண்ணு. எப்படியும் விக்கப்போற வண்டி. இன்னைக்கு வெளிய நகர்ந்தாப் போதும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு பக்கத்து வாதமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் வக்காலத்து வாங்குவாள். ஆனால் அவர் மனதில் கடைசியாக எது இருந்தது என்று மட்டும் தெரியவில்லை. ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டால் அந்த மூன்று மாதமும் வெறும் வாய்ப்பந்தல் என்று ஆகிவிடும். அப்படி விட அவளுக்கு மனமில்லை.

“உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னார்?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

அவர் கொழுந்தனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“பத்து நாள் முன்னாடி போன் பண்ணினார்க்கா. அகலமானதைப் போட்டா, நின்ன இடத்துல ஸ்டியரிங் திருப்ப எவ்வளவு கனமா இருக்கும்னு கேட்டார். உங்க கைக்கு அது ஒரு கனமாண்ணேன்னு சொன்னேன். என் கைக்குக் கேக்கலடான்னார்.”

கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

“துணி உருளையைத் தூக்கித் தூக்கி அவ தோள் தேஞ்சுபோச்சு, இனிமே அவதான் ஓட்டப்போறா, அப்படின்னார். அப்ப ஸ்டாண்டர்டே ஏத்திடறேண்ணேன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் போயிருச்சோன்னு பார்த்தேன். அப்புறம், ‘அகலமானது வளைவுல எப்படி நிக்கும் தெரியுமாடா’ன்னு கேட்டார். நாளைக்குச் சொல்றேன்னு வச்சுட்டார். அவ்வளவுதான்கா. அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல.”

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது மொத்தமாக வந்தது. மகள் வந்து பிடித்துக்கொண்டாள். பெண்டாட்டியிடம் சொல்லவேண்டியதை டயர்க் கடையில் சொல்லிவைத்திருக்கிறார், பாவி மனுஷன். நர்ஸிடமும் மீட்டர்க்காரரிடமும் ஆயிரம் காரணம் அடுக்கியவர் இந்த ஒரு காரணத்தை மட்டும் வீட்டில் மூச்சுவிடவில்லை. அவளுக்காக விட்டுக்கொடுக்கவும் நினைத்திருக்கிறார். விட்டுக்கொடுக்க மனசும் வரவில்லை. அந்த ஆசையை நினைக்க அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. அவர்மேல் அவளுக்கு இத்தனை பிரியம் பொங்கி வெகுநாளாயிற்று.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அகலமானதே போடுங்க.”

கடைக்காரர் தயங்கினார். “அக்கா, நிஜமாவே கனமா இருக்கும். பழைய வண்டி, எல்லாம் கைபலம்தான். எனக்கே தோள் கழண்டுடும்.”

“அம்மா, அப்பா உனக்காகத்தானே யோசிச்சிருக்கார்?” என்றாள் மகள்.

“தோள் என்னோடது. அதுக்கு அவர் எப்படி முடிவு பண்ணலாம்? மூணு மாசம் அவர் பேச்சை நான் கேட்டேன்ல, இன்னைக்கு ஒரு நாள் என் பேச்சை அவர் கேக்கட்டும்.”

அதன்பிறகு விற்பதைப் பற்றிக் கொழுந்தன் எதுவும் சொல்லவில்லை. கடைக்காரரோடு அவனும் கிளம்பிப் போனான்.

இரண்டு மணிக்கெல்லாம் சக்கரங்கள் வந்து சேர்ந்தன. மாட்டி, நட்டு முடுக்கி, ஸ்டாண்டுகளை எடுத்து, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு கார் தரையில் நின்றது. அவள் பின்னால் போய்ப் பார்த்தாள். லட்சணமாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

“நான் எடுக்கறேன் அண்ணி,” என்று கொழுந்தன் சாவிக்குக் கை நீட்டினான்.

அவள் அதற்குள் உள்ளே ஏறியிருந்தாள். இருக்கை அவருடைய காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது, முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். எஞ்சின் இரண்டாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. பின்பக்கமாகவே வெளியே எடுக்கவேண்டும். கேட்டைத் தாண்டியதும் எதிரே விளக்குக் கம்பம். அங்கே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாக வேண்டும்.

கேட்டைத் தாண்டும்வரை சிரமம் தெரியவில்லை. கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தி, ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தாள். கால் சுற்று வந்தது. வலது தோளில் பிடித்த வலி கழுத்துவரை ஏறியது. கொழுந்தன் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை நுழைத்தான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். மறுபடி இழுத்தாள். நெற்றியில் வேர்த்து, மூக்கு நுனியில் சொட்டியது. நாற்காலி எடுத்துப்போட வந்திருந்தவர்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். அரைச் சுற்று. முக்கால். மெல்லக் கிளச்சை விட்டாள். பச்சைக் கார் கம்பத்தை உரசாமல் திரும்பி, பக்கத்து வீட்டு மதிலோரமாகப் போய் நின்றது.

தெருமுனையில் ஆஸ்பத்திரி வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

“ரொம்பக் கனமா இருந்துச்சா அண்ணி?” என்றான் கொழுந்தன்.

“சேச்சே. ஒண்ணுமில்ல,” என்றாள் அவள். “நீ போய் அவங்களுக்கு வழி காட்டு.”

அவன் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் தோளைப் பிடித்துக்கொண்டாள். முன்கண்ணாடி வழியே கேட் தெரிந்தது. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, ஆஸ்பத்திரி வண்டி நேரே வாசல்வரை போய் நின்றது.