கைதட்டாத சபை

சத்தியபாமா பாடினால் யாரும் கை தட்டுவதில்லை. பாட்டு மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். போர்க்காலத்தில் அவள் பாடியதெல்லாம் மாண்டவர்களுக்கான பாட்டுகள். அவற்றுக்கு எழுந்து தலைகுனிந்து நிற்பதுதான் எங்கள் சனத்தின் வழக்கம். வன்னியில் தொடங்கி ஒஸ்லோவரை நாற்பது வருடமாக அப்படித்தான். நேற்று வந்த பாட்டுக்காரிக்கெல்லாம் மண்டபம் அதிரும். இவளுக்கு மூக்குறிஞ்சும் சத்தம்தான் பரிசு. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு, வெளியில் சொல்லாத ஆற்றாமையும் உண்டு.

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் அவளுக்குப் பாராட்டு விழா என்று ஏற்பாட்டாளன் மகேசன் வந்து சொன்னபோது, ஆற்றாமை வாயைத் திறந்தது.

"தம்பி, இந்தமுறை நான் கலியாணப் பகிடிப் பாட்டு ஒண்டு பாடப்போறன்."

மகேசன் திருதிருவென முழித்தான். "அக்கா, சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். ஒருக்காவெண்டாலும் கைதட்டு வாங்கிப்போட்டுச் சாகிறன், விடு."

மாப்பிள்ளையின் தொப்பையைக் கிண்டலடிக்கும் பாட்டு அது. விழா மேடையில் ஏறி முதல் அடியை எடுத்தாள். அவ்வளவுதான், கதிரைகள் கிறீச்சிட மண்டபமே எழுந்து நின்றது. தலைகள் குனிந்தன. சொல்லை யார் கேட்டார்கள்? குரலைத்தான் கேட்டார்கள். பின்வரிசையில் வடையைக் கடித்தவர் மெல்லாமலே நின்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாட்டை நிறுத்தினாள்.

"இருங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை."

எல்லோரும் அசடு வழிய உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் கனகம்மா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு மகன்களைப் போரில் இழந்தவர்.

"அம்மா, இது தொப்பைப் பாட்டு. நீங்களும் இருங்கோ."

"தெரியும் பிள்ளை. உன்ரை குரல் கேட்டா என்ரை கால் என்னை இருக்க விடுதில்லை. பொடியளைப் புதைச்ச இடத்தையும் ஆமிக்காரர் உழுதுபோட்டாங்கள். எனக்கு என்ரை பொடியள் உன்ரை குரலிலைதான் கிடக்கிறாங்கள்."

தப்புச் செய்துவிட்டோமோ என்று சத்தியபாமா பயந்தாள். பழைய பாட்டையே பாடட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள்.

"வேண்டாம்," என்றார் கனகம்மா. "இவ்வளவு காலமும் என்ரை பொடியள் அழுகைப் பாட்டுத்தானே கேட்டவங்கள். இண்டைக்கு ஒருக்காச் சிரிக்கட்டும். பாடு."

அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சத்தியபாமா பாடி முடித்தாள். மண்டபம் அதிர அதிரக் கை தட்டியதாம். பிறகு மகேசன் சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.