வாங்கிப் போகாத முகம்

படங்களைப் பற்றியே எழுதிப் பேர் வாங்கியவள் நான். ஆனால் என் வீட்டுச் சுவரில் ஒரு படம் கிடையாது. முகம் தெரிகிற படம் மாட்டிய வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார்கள் வரமாட்டார்கள் என்பது மாமியார் அக்தர் பேகத்தின் கட்சி. நான் வாதாடுவதில்லை. அவர் சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் என் எழுத்து நடக்கிறது.

ஆகவே முகம் வேண்டுமென்றால் பொழிச்சலூரிலிருந்து இரும்புலியூருக்கு பஸ் ஏறுவேன். அங்கே பக்தவச்சலத்தின் பிரேம் கடை இருக்கிறது. இறந்துபோனவர்களின் சின்ன போட்டோவைப் பெரிதாக்கி, கேன்வாஸில் அச்செடுத்து, அதன்மேல் ஆயில் பெயிண்டால் உயிர் கொடுப்பார். தாம்பரம் வட்டாரத்தில் பாதி வீடுகளில் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் அவர் கைவண்ணம்தான். ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கிப் போகாத படங்களை மட்டும் பரணில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார். அப்பா படம் யார் வீட்டில் இருப்பது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்திருக்கும், அல்லது மருமகளுக்குப் பிடித்திருக்காது. எனக்கு வேண்டியது அந்த அநாதை முகங்கள்தான். ஒன்றைத் திருப்பிப் பார்த்து, போனில் படமெடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அந்த முகத்துக்கு ஒரு பேர், ஒரு வீடு, நாலு பழக்கம், ஒரு ரகசியம் கொடுத்தால் கதை தயார்.

"இன்னா மேடம், இந்த வாட்டி யார் மாட்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே பக்தவச்சலம் ஏணியைப் போடுவார்.

போனில் படிக்கிற தொடர்கதைகள் என்னுடையவை, வாரம் ஓர் அத்தியாயம். ஜெரூஷா டீச்சர் என்கிற ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர்தான் துப்பறிபவர். ஒரு படத்தில் மூக்குத்தி இடம் மாறியிருப்பதை வைத்தே திருடனைப் பிடித்துவிடுவார். என் கதைகளில் ரத்தம் வராது. காணாமல் போனது கடைசி அத்தியாயத்தில் கட்டாயம் கிடைத்துவிடும். வாசகிகள் மத்தியானச் சாப்பாடு முடிந்து நாலு பக்கம் படித்து நிம்மதியாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் என் லட்சியம். திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் என் கணவர் கலீல், அந்த டீச்சரை ஒருநாள் அனுப்பி வை, பட்டறையில் ஸ்பானர்கள் காணாமல் போகின்றன என்று கேலி செய்வார்.

போன வருடம் பரணிலிருந்து இறங்கியது ஓர் அம்மாளின் முகம். ஐம்பது வயதிருக்கும். யாரோ கூப்பிட்டுத் திரும்பி, இன்னும் பதில் சொல்லாத முகம். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. அம்புஜம் என்று பேர் வைத்தேன். அம்புஜம் காணாமல் போகிறாள், அவள் படத்தை வைத்துக்கொண்டு டீச்சர் தேடுகிறார் என்று ஆரம்பித்தேன். வழக்கமாக ஓர் ஆளின் பழக்கங்களைப் பிடிப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிடும். அம்புஜத்துக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அன்றைய காலண்டர் தாளை மறுநாள் காலைவரை விடாமல் சாயங்காலமே கிழித்துவிடுவாள். மோருக்கு உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தடவை போடுவாள். மழை பெய்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிற மாதிரி வந்தது. நன்றாக எழுத வருகிறபோது எந்த எழுத்தாளர் சந்தேகப்படுவார்? நான் சந்தோஷப்பட்டேன்.

நாலைந்து அத்தியாயம் வெளியான பிறகு பக்தவச்சலம் போன் செய்து, கடைக்கு ஒருவர் வந்திருக்கிறார், உங்களைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறார் என்றார். போனேன். வந்திருந்தவர் பெயர் சத்யநாராயணன். முடிச்சூர் பக்கம் வீடு, ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றவர், இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. அந்தப் படத்தில் இருந்தது அவர் மனைவி கனகவல்லி. தொடரில் அம்புஜத்தின் பழக்கங்களையும் அதில் வருகிற பிரேம் கடையையும் படித்துவிட்டு இங்கே வந்திருந்தார்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அவர்கள் தெருவில் படகு வந்தது. பெண்களை முதலில் ஏற்றினார்கள். அடுத்த படகில் இவர் போய் இறங்கியபோது கனகவல்லி அங்கே இல்லை. அவள் நல்லபடியாக ரோட்டில் இறங்கியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதன்பிறகு பார்த்தவர்கள் இல்லை. ஏழு வருடம் போனபின் சொந்தக்காரர்கள் நச்சரித்துப் படத்துக்கு ஆர்டர் கொடுக்க வைத்தார்கள். கொடுத்தார், ஆனால் வாங்க வரவில்லை. வாங்கினால் மாலை போட வேண்டும். மாலை போட்டால் அவள் இல்லை என்று ஆகிவிடும். ஹைதராபாத்தில் இருக்கும் மகன், அம்மாவுக்குக் காரியம் செய்துவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று வருடா வருடம் கெஞ்சுகிறான். இவர் அசையவில்லை. அவள் வந்தால் வீடு தெரிய வேண்டுமே என்கிறார்.

"மோருல ரெண்டு தடவை உப்பு. இது எங்க வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாதும்மா" என்றார். "உங்களுக்கு யார் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை, எல்லாம் கற்பனை என்றேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உங்கள் கதையில் காணாமல் போனதெல்லாம் கடைசியில் கிடைத்துவிடுமாமே, அம்புஜமும் வீட்டுக்கு வந்துவிடுவாளா என்றார். கதை முடிகிறவரை பொறு, அப்புறம் நீ சொல்கிறபடி கேட்கிறேன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறாராம். ஒரு பெரிய மனிதர் தன் மனைவியின் உயிரை என் தொடர்கதையில் கொண்டுவந்து முடிந்துவைத்துவிட்டார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த அத்தியாயத்தில் அம்புஜம் தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடைமேம்பாலத்துக்குக் கீழே நிற்பதாக எழுதினேன். அது வெளியான மறுநாள் சத்யநாராயணன் போன் செய்தார். அவர் அந்தப் பாலத்தருகே போய் நின்றிருக்கிறார். அவள் அங்கே இருந்தாளாம், அரக்குச் சேலையில். இவர் பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் கூட்டத்தில் போய்விட்டாளாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அரக்குச் சேலை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் எழுதும்போது என் மனதில் அவள் அரக்குச் சேலைதான் கட்டியிருந்தாள்.

ஏங்குகிற கண்ணுக்குக் காண்பவளெல்லாம் அவள்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்ததை எழுதினேன். அதில் அம்புஜம் இரும்புலியூரில் பூ வாங்குகிறாள். ஏன் இரும்புலியூர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கை அங்கே போனது.

அந்த வாரம் பக்தவச்சலம் கடைக்குப் போக பஸ்ஸை விட்டு இறங்கினேன். மத்தியான வெயில். நான் வழக்கமாகப் பூ வாங்கும் கங்கம்மாவின் கூடைக்கு முன்னால் அரக்குச் சேலை கட்டிய ஓர் அம்மாள் குனிந்து நின்றிருந்தாள். பூவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். பரணில் இருந்த முகம். கொஞ்சம் இளைத்திருந்தது, கறுத்திருந்தது. ஆனால் அதே முகம். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்காக நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

நான் போய்ப் பேசியிருக்கலாம். யாரம்மா நீங்கள், எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்துக் கதைகளில் துப்பறிந்த எனக்கு அது தோன்றவில்லை. வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். போனில் இருந்த அவள் படத்தை அழித்தேன். அன்றைக்கு மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆன் ஓதியதை முதல் தடவையாக முழுதாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

எனக்குப் புரிந்தது இதுதான். நான் எழுத எழுத அவள் கிட்டே வருகிறாள். இன்னொரு அத்தியாயம் எழுதினால் முடிச்சூர் வீட்டில் போய் ஏறுவாள். அங்கே போய் ஏறுவது அவர் மனைவியா, நான் செய்து அனுப்பிய வேறு எதுவோவா? பத்து வருடம் காத்திருந்த மனிதர் எது வந்தாலும் கதவைத் திறப்பார். அவர் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். படகிலிருந்து இறங்கிய அம்புஜம் அந்த வெள்ளத்திலேயே போய்விட்டாள் என்று டீச்சர் கண்டுபிடிக்கிறார். அம்புஜத்தின் கணவர் படத்தை வாங்கிப்போய் மாலை போட்டு, அழுது, தேறுகிறார். என் கதையில் காணாமல் போனது கிடைக்காமல் முடிந்தது அதுதான் முதல் தடவை. இப்படி அழ வைத்துவிட்டீர்களே என்று வாசகிகள் எழுதித் தள்ளினார்கள்.

சத்யநாராயணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. போன் செய்து, தெளிவாச் சொல்லிட்டீங்கம்மா என்று மட்டும் சொன்னார். மகன் வந்தான். உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து கொள்ளி வைத்தார்கள். படத்தை அவரே வந்து வாங்கிப்போனதாக பக்தவச்சலம் சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாரம் இறங்கி இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது நாள் மத்தியானம் பல்லாவரம் வரை போய்த் திரும்பினேன். வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. மாமி கூடத்திலிருந்து, "உன்னைப் பார்க்க ஒரு அம்மா வந்துக்கீறாங்க. பாவம், நடந்தே வந்தாங்களாம். கையெல்லாம் சில்லுனு கீது, அதான் டீ போட்டுக் குடுத்தேன்" என்றார்.

அரக்குச் சேலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள்தான் பேசினாள், மெதுவாக, வார்த்தைகளைத் தேடித் தேடி.

என்னைப் பார்த்துவிட்டு ஏன் ஓடினீர்கள் என்று கேட்டாள். தன்னைத் தெரிந்த யாரோ என்று நினைத்து கங்கம்மாவிடம் விசாரித்தாளாம். கதை எழுதுறவங்க, இப்ப காணாமப் போன ஒரு அம்மா கதையைத்தான் எழுதுறாங்க, பொழிச்சலூரில் வீடு என்று கங்கம்மா சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடம் எங்கே இருந்தாள் என்று கேட்டேன். கோர்வையாக வரவில்லை. யார் யாரோ சோறு போட்டார்கள், ஏதோ ஓர் ஊர், தமிழ் பேசாதவர்கள். கொஞ்ச நாளாகத்தான் தாம்பரம் என்ற பேர் நினைவுக்கு வந்ததாம். அப்புறம் ஸ்டேஷன், அப்புறம் இரும்புலியூர், அப்புறம் வீட்டுக்குப் போகிற வழி.

"காலையில வீட்டைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். "ஜன்னல் வழியா உள்ள பார்த்தேன். என் படத்துக்கு மாலை போட்டிருந்துச்சு. அவர் வெளியே வந்தார். என்னை நல்லாப் பார்த்தார். கை கூப்பிக்கிட்டு, எல்லாம் குறையில்லாம செஞ்சுட்டேன் கனகம், இனிமே அலையாத, போயிடுன்னு அழுதார். கேட்டைச் சாத்திட்டுத் திரும்பிப் பார்க்காம உள்ள போயிட்டார்."

டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே எழுதினீங்க. நான் செத்துட்டேனாம்மா?"

எனக்கு முன்னால் இருப்பது அவர் மனைவியா, நான் எழுதியவளா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகவும் படவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்யநாராயணனுக்குப் போன் போட்டேன். அவர் குரலை அவளும் கேட்கட்டும், அவள் குரலை அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், அவங்க இங்கே இருக்காங்க. என் எதிரில் உட்கார்ந்திருக்காங்க. உயிரோட இருக்காங்க சார். நான் எழுதினது பொய்."

அவர் மிகவும் கனிவாகப் பேசினார்.

"அங்கேயும் வந்துட்டாளா? பயப்படாதீங்கம்மா. காரியத்துல இன்னும் ஏதோ குறை இருக்கு போல, அதான் அலையறா. வாய் திறந்து எதுவும் பேசிடாதீங்க. ஒரு வாய் தண்ணி கொடுத்து, கும்பிட்டு அனுப்பிடுங்க."

கனகவல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மாமி அடுப்படியிலிருந்து அவளுக்காகச் சோற்றுத் தட்டோடு வந்தார்.