பூஜையில் வைத்த ஊசி

"மிஸ், நாக்கு தடிமனா இருக்கு" என்று கெசியா சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கணக்குப் பாடம் என்றாலே இவளுக்கு ஏதாவது வந்துவிடும். ஆனால் முகத்தைப் பார்த்ததும் சாக்பீஸைப் போட்டுவிட்டு அவளிடம் போனேன். கழுத்தெல்லாம் தடிப்பு.

கெசியாவுக்கு வேர்க்கடலை ஆகாது. துளி உள்ளே போனாலும் மூச்சு அடைத்துவிடும். ஜூன் மாதம் அவள் அம்மா ஜெரூஷா, மூச்சடைத்தால் உடனே தொடையில் போடும் அவசர ஊசியை என் கையில் கொடுத்து அழுதுவிட்டுப் போனதிலிருந்து, பம்மலில் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் வேர்க்கடலைக்கு 144 தடைதான். எல்லார் டப்பாவையும் வாசலிலேயே திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவேன். "ஹில்டா மிஸ் போலீஸ்" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

"என்னடி சாப்பிட்ட?"

"இட்லி மிஸ். அப்புறம் ஆபீஸ் அண்ணா குடுத்த பொரி."

ஆயுத பூஜைப் பொரி. படைக்கும் முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அலுவலக உதவியாளர் பக்தவச்சலம் இவளுக்கென்று தனிப் பொட்டலம் கட்டி, என்னிடம் காட்டிவிட்டுத்தானே கொடுத்தார்? நானே பிரித்துப் பார்த்தேனே? பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை. ஒரு வேர்க்கடலைகூட இல்லை. அப்படியென்றால் இது அலர்ஜிதானா, வேறு ஏதாவதா? ஊசி போடுவதா, வேண்டாமா? நான் மரம் மாதிரி யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவள் உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது.

போதும் யோசித்தது என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அங்கே ஆணியில் எப்போதும் தொங்கும் சிவப்புப் பையைக் காணோம். ஊசி அதில்தான் இருக்கிறது.

இயேசப்பா! மேசை இழுப்பறை, அலமாரி, என் கைப்பை, எதிலும் இல்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சர் கோகிலவாணி ஓடி வந்தாள்.

"அந்தப் பையா? பிள்ளைங்க பி.டி.க்குப் போனப்போ பக்தவச்சலம் அண்ணா எடுத்துட்டுப் போனாரே."

"அவருக்கு எதுக்குடி அது?"

"எனக்கென்ன தெரியும்?"

கெசியாவை அவளிடம் விட்டு, 108-க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

அலுவலக மேசையில் வாழையிலை விரித்திருந்தது. அதன்மேல் பள்ளி மணி, கத்தரிக்கோல், மைக்ராஸ்கோப், சாவிக்கொத்து. நட்டநடுவில் என் சிவப்புப் பை, சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு சாமந்திப்பூவோடு. நான் பாய்ந்து எடுத்தேன்.

"டீச்சர், டீச்சர்! இன்னும் சூடம் காட்டல! பூஜைல வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்!" என்று சூடத் தட்டோடு பக்தவச்சலம் குறுக்கே வந்தார்.

"கெசியா சாகக் கெடக்கிறா!"

தட்டு கீழே விழுந்த சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது.

வகுப்புக்கு ஓடி வந்து, ஊசியை அவள் சீருடை மேலேயே தொடையில் வைத்து அழுத்தினேன். பையிலிருந்து என் கைக்கு வந்த குங்குமம் அவள் பாவாடையெல்லாம் ஒட்டியது. விசில் மெல்லக் குறைந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது "மிஸ், அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் தாம்பரம் ஆஸ்பத்திரி வார்டு வாசலில் பக்தவச்சலம் நின்றார். எனக்கு வந்ததே கோபம்!

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? அது என்ன ஸ்க்ரூடிரைவரா?"

"அந்தப் புள்ள உசுரே அதுலதான் கீதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? அதுக்குப் பூஜை போடாம வேற இன்னாத்துக்குப் போடுறது?"

திட்ட நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

"சரி, பொரில வேர்க்கடலை எப்படி வந்துச்சு?"

"கடைலயே எல்லாத்தையும் கலந்துதான் குடுத்தான். ஒக்காந்துகினு ஒரு வேர்க்கடலை விடாம பொறுக்கிப் போட்டேன் டீச்சர். இந்தக் கையாலதான். அப்புறமும் எப்படி?"

"தோலும் தூளும் பொரியில ஒட்டியிருக்கும்ணா. கையிலயும்." நானும் கண்ணால் பார்த்துவிட்டு நம்பியவள்தானே? இந்த மனுஷனைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

உள்ளே கெசியா கண் விழித்திருந்தாள். "ஆபீஸ் அண்ணா!" என்று கையை நீட்டினாள். தினமும் பள்ளி வாசலில் அவள் கன்னத்தைக் கிள்ளி உள்ளே அனுப்புகிறவர், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கழுவிக்கினு வரேன் கண்ணு."

வெகுநேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். குழாயடியில் இன்னும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.