புதன்கிழமை நாலரை மணி

அம்மாவும் நானும் நாடு மாறி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் பலகையில் போட்டதெல்லாம் பழைய பள்ளியில் நான் ஏற்கெனவே போட்ட கணக்குகள்தான். விடை தெரியும், சொல்லத்தான் மொழி தெரியாது. கனவு கண்ட ஊமை போல உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது மாதம், என்னைக் கீழ்வகுப்புக் கணக்குக்கு மாற்றலாமா என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அதற்கு முன்னால், புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலேயே உதவும் இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்து பார்க்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது.

புதன்கிழமைதோறும் மாலை நாலரை மணிக்கு வகுப்பு. பள்ளி இரவல் கொடுத்த மடிக்கணினியை இஸ்திரி மேசைமேல் வைத்துக்கொள்வேன். வீட்டில் மேசை என்று இருந்தது அது ஒன்றுதான். திரையில் ஆறு பிள்ளைகள், ஆறு ஊர்கள். மூன்று மாதம் மூடிக்கிடந்த வாய் தமிழைக் கேட்டதும் திறந்தது, பிறகு மூடவே இல்லை. இரண்டாவது வாரமே எனக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வகுப்பை நடத்திய அக்கா பல்கலைக்கழக மாணவி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அந்த ஊர் மொழியில் கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழோ, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற அளவுக்குத்தான். அவர் சொல்லும் சொல் எங்களுக்குப் புரியாது. எங்களுக்குத் தெரிந்த சொல் அவருக்கு வராது.

ஒரு நாள் பேருந்துக் கணக்கு. ஒன்று ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பும், இன்னொன்று எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை. இப்போது சேர்ந்து கிளம்பினால் மறுபடி எப்போது சேரும்? எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அக்கா கையை ஆட்டி ஆட்டி விளக்கியும் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"மீச்சிறு பொது மடங்கு," என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "இருபத்தி நாலு நிமிஷம்."

அம்மாதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலையிலிருந்து விரிப்பு மடித்துவிட்டு வந்து, சோபாவில் படுத்திருந்தாள். பழைய ஊரில் பதினாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். இங்கே அந்தச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சையே அவள் எடுத்ததில்லை.

யாரது, மிஸ் மாதிரி பேசுறாங்க என்று ஒருவன் கேட்டான். எங்கம்மா என்றேன். அக்கா அவளைக் கேமரா முன் கூப்பிட்டார். தலை கலைந்திருக்கிறது என்று அம்மா மறுத்தாள். அப்போது, நாலு வாரமாக வாயே திறக்காத ஒரு பெண் மெல்லக் கேட்டாள்: "மிஸ், பின்னத்தை வகுக்குறப்ப ஏன் தலைகீழாக்கிப் பெருக்குறோம்?"

அப்புறம் தலையாவது ஒன்றாவது. அம்மா என்னை இடுப்பால் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் கால் மணி முன்பே தலைவாரித் தயாராகிவிட்டாள். சலவைக்கூடத்து அட்டைப்பெட்டியை வெட்டிப் பலகையாக்கியிருந்தாள். அவள் தமிழ்ச் சொல்லைச் சொல்வாள், அக்கா அந்த ஊர்ச் சொல்லைச் சொல்வார், நாங்கள் இரண்டையும் எழுதிக்கொள்வோம். பள்ளியில் நான் முதன்முதலாகக் கை தூக்கியது அந்த மாதம்தான். கீழ்வகுப்புப் பேச்சும் அதோடு நின்றது.

இந்த நேரம் பார்த்துச் சலவைக்கூடத்தில் அவளுடைய வேலையைப் பிற்பகலுக்கு மாற்றினார்கள். மேற்பார்வையாளரிடம் அம்மா அதுவரை எதையும் கேட்டதில்லை. மொழி வராது, பயம் வேறு. அன்று என்னைக் கூப்பிட்டு, கேட்கவேண்டிய இரண்டு வாக்கியங்களைச் சொல்லித்தரச் சொன்னாள். தமிழ் எழுத்திலேயே உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். சிரிக்காமல் சொல்லித்தரும்படி நாலு தடவை அதட்டினாள்.

மறுநாள் திரும்பி வந்தபோது எழுத்து வியர்வையில் அழிந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"புதன்கிழமை மட்டும் விடிகாலை நாலு மணி ஷிப்டு தர்றாங்களாம். சரின்னுட்டேன்."

"அப்ப தூக்கம்?"

"அது எங்க போயிடப்போகுது? வியாழக்கிழமை தூங்கிக்கலாம்."

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு அக்கா எழுதிக்கொடுத்த கடிதத்தோடு போய், அம்மா ஒரு பள்ளியில் தாய்மொழி உதவி ஆசிரியராகச் சேர்ந்தாள். நாங்கள் ஆறு பேரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஒவ்வொருவராக மேல்வகுப்புக்குப் போனோம். திரையின் கட்டங்களில் வேறு முகங்கள் வந்தன.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு மேசை. ஆனால் சில சாயங்காலங்களில், முழங்கை இடிக்க இருவரும் ஒரே திரைக்குள் முகத்தைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் வரும். பாதிக் கணக்கில் அம்மா கொட்டாவி விடுவாள். அதைப் பார்த்து ஆறு ஊர்களிலும் கொட்டாவி கிளம்பும். இடம் போதாத அந்த வீட்டை நினைத்து ஒருநாள் ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.