அத்தான் போட்ட ஒயர்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அக்கா வீட்டில் நான் விருந்து என்ற கணக்கிலிருந்து எப்போதோ விழுந்துவிட்டேன். மருந்து என்று யாரும் சொல்லவில்லை. இஸ்திரி போடும் அறையில், மடித்த போர்வைகளுக்கும் மடிக்காத துணிகளுக்கும் நடுவே, பாதி மடிந்தவனாகக் கிடந்தேன்.

வேலை போன கதை சின்னது. ஒரு இன்டர்நெட் கம்பெனியின் புகார் எண்ணில் பேசிக்கொண்டிருந்தேன். 'பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று ஊருக்கெல்லாம் சொன்னவனை ஒரு நாள் கம்பெனியே ஆஃப் செய்தது. ஆன் செய்ய மறந்துவிட்டது. என் நாற்காலியில் இப்போது பதிவு செய்த குரல் ஒன்று இருக்கிறது. என்னைவிடப் பொறுமைசாலி. காபி கேட்பதில்லை.

இன்னொரு கம்பெனியில் அதே மாதிரி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டிலிருந்தே பேச வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வீடியோவில் நேர்காணல். பேசும்போதே என் இணைப்பையும் சோதிப்பார்கள். லைன் அறுந்தால் ஆளும் அறுந்தான். அத்தான் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாயிற்று: "வேலை கிடைச்சா சம்பளம் வர்ற வரைக்கும் இரு. கிடைக்கலைன்னா மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணு மாப்ளே. நடக்குற மெஷின் வாங்கப் போறேன், அது நிக்க இடம் வேணும்." ஆக, நிற்கும் உரிமை ஒன்று எனக்கு, இல்லை நடக்கும் மெஷினுக்கு.

அந்த வாரத்தில்தான் அத்தான் நெட்டின் வேகத்தைக் கூட்டினார். கம்பெனி ஆள் வந்து வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனதும், எங்களை ஹாலில் வரிசையாக உட்கார வைத்து போனை நீட்டிக் காட்டினார்.

"பாருங்க, ராக்கெட்!"

திரையில் வேகம் காட்டும் முள் பழைய இடம் வரைக்கும் ஏறியது, மூச்சு வாங்கியது, அப்படியே கீழே படுத்துக்கொண்டது. டிவியில் கதாநாயகன் வாயைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான்.

"யாருடா இழுக்குறது?" அத்தான் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் போனையே தொடலை அத்தான்."

"நீ தொடவே வேணாம். வீட்டுல இருந்தாலே போதும். அட்டைப்பூச்சிக்குக் கையா இருக்கு? அது பாட்டுக்கு உறிஞ்சும்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் பெயர் அட்டைப்பூச்சி. "அட்டைப்பூச்சி எழுந்திரிச்சாச்சா? அதான் படம் சுத்துது." நான் குளிக்கும்போது நெட் நின்றால், தண்ணீர் வழியாக உறிஞ்சுகிறேனோ என்று ஒரு சந்தேகம்.

அத்தான் எதையும் முறையாகச் செய்பவர். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும் என்றார். முதலில் என் போனை நீக்கினார். அடுத்து என் லேப்டாப். பிறகு என்னையே நீக்கித் தெருமுனைக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோதும் முள் படுத்தேதான் கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் தூரம் போய்ட்டு வா," என்றார்.

போய்ட்டு வந்தேன். சோறு போடுகிறவர் சொன்னால் சந்திரனுக்கும் போகலாம்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பழைய தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். புதுப் பெட்டியில் ஒயர் செருக ஒரே ஒரு துளை. அதிலிருந்து கிளம்பும் ஒயர் சுவருக்குள் நுழைந்து, ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கும் வைஃபை பெட்டியில் முடிகிறது. அந்த ஒயரைக் கழற்றி, என்னிடமிருந்த சின்ன ஒயரால் பெட்டியையும் லேப்டாப்பையும் இணைத்தேன். முள் துள்ளி எழுந்து மறுகோடியில் போய் முட்டியது. பழையபடி மாட்டிவிட்டு, ஹாலில் சுவரிலிருந்து வெளிவரும் முனையில் செருகிப் பார்த்தேன். படுத்துக்கொண்டது.

அட்டைப்பூச்சி சுவருக்குள் இருந்தது.

அந்த ஒயர் அத்தான் போட்டது. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியனைத் துரத்திவிட்டு அவரே இழுத்தார். நீளம் பத்தாமல் நடுவில் இன்னொரு துண்டை முறுக்கி, டேப் சுற்றி, மேலே பூசிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டுவார்: "உள்ள என் கைவேலை இருக்கு." பழைய வேகத்துக்கு அந்த முடிச்சு எப்படியோ நடந்து போயிருக்கிறது. இப்போது ஓடச் சொன்னதும் தடுக்கித் தடுக்கி விழுகிறது.

சாயங்காலம் சமையலறையில் அக்காவிடம் சொன்னேன். "புதுசா ஒரு ஒயரைச் சுவரோரமா வெளியிலயே இழுத்துட்டா போதும்க்கா. நானே பண்ணிடுவேன்."

வெங்காயம் நறுக்கிய கை நின்றது. "அவர்கிட்ட சொல்லிடாதே."

"ஏன்?"

"அவர் கையால போட்டது. அது தப்புன்னா இந்த வீடே தப்புன்னு சொன்ன மாதிரி. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு உக்காருவாரு. அந்த மூஞ்சிய யாரு பாக்கறது, நீயா?"

"அப்ப நான்தான் உறிஞ்சுறேன்னு இருக்கட்டுமா?"

"உனக்கென்னடா? சொன்னா தேஞ்சா போயிடுவ?"

தேய்வதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால்தானே. சரி என்றேன். ஒன்றே ஒன்று கேட்டேன்: வெள்ளிக்கிழமை நேர்காணல் முடியும்வரை வாசல் பெட்டியில் என் ஒயரைச் செருகிக்கொள்கிறேன், அந்த நேரம் வீட்டுக்கு நெட் இருக்காது, அத்தானிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

"அத நான் சொல்லிக்கறேன், போ," என்றாள். வெங்காயத்தினாலோ என்னவோ, கண் கலங்கியிருந்தது. எனக்காக என்று எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் அதற்கு உரிமை கோரவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தான் லீவு போட்டிருந்தார். நான் செருப்பு அலமாரி ஓரத்தில் முக்காலி போட்டு, பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை. கீழே, கேமராவுக்குத் தெரியாத அளவு ஏழ்மை. மூக்குக்கு நேராக அத்தானின் ஷூ.

நேர்காணல் செய்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "உங்க லைன் ரொம்ப நல்லா இருக்கே. காலையிலருந்து பாத்ததுல இதுதான் பெஸ்ட்."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. கிட்டத்தட்ட எழுந்து நின்றுவிட்டேன். கால்சட்டை ஞாபகம் வந்து உட்கார்ந்தேன்.

"இப்ப ஒரு டெஸ்ட். நான் கோவமான கஸ்டமர். வேகத்தைக் கூட்டியும் நெட் ஸ்லோவா இருக்கு. என்னைச் சமாதானப்படுத்துங்க."

கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

"உங்க சிரமம் எனக்குப் புரியுது மேடம். முதல்ல, வீட்டுல இருக்கறவங்க யார் மேலயும் கோவப்படாதீங்க. வாசல்ல இருக்கற பெட்டியிலருந்து ஒயர் சுவருக்குள்ள போகுதுங்களா?"

அவள் புன்னகைத்துக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டாள். அப்போதுதான் அத்தான் போனோடு வந்தார்.

"நெட் சுத்தமா இல்ல!" என்றவர் பெட்டியைப் பார்த்தார். என் ஒயரைப் பார்த்தார். காணாமல்போன மாட்டைக் கண்டுபிடித்தவரின் மகிழ்ச்சி முகத்தில் பரவியது. நான் கேமராவுக்குக் கீழே கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒரே நிமிஷம் மாப்ளே. ஒரு டெஸ்ட்."

என் ஒயரைப் பிடுங்கி, சுவர் ஒயரைச் செருகினார். திரையில் அம்மாள் குனிந்தபடியே உறைந்தாள். அத்தானின் போனில் பாட்டு அலறியது.

"ஏய், இங்க வா! வந்து பாரு! இவன் ஒயரைப் புடுங்கினேன், நெட் வந்துருச்சு. அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை கேட்டிருக்கிறேன். இங்கே காக்கையைச் சுட்டுவிட்டுப் பழத்தை எடுத்துக் காட்டினார்கள்.

அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு செருப்புகளைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "இவன்தான்."

"அத்தான், இன்டர்வியூ நடந்துட்டிருக்கு."

"அடப்பாவி, சொல்லித் தொலைக்கக் கூடாது? உங்க அக்கா ஒண்ணுமே சொல்லலையே!"

"மறந்துட்டேன்டா," என்றாள் அக்கா, செருப்புகளிடம்.

அத்தான் பெருந்தன்மையாக விலகி நின்றார். "ஒயரெல்லாம் எதுக்கு, வைஃபைலயே பேசு. இப்பதான் சரியாயிடுச்சே!" அவர் உள்ளங்கை பெட்டியின்மேல் இருந்தது, எடுப்பதாக இல்லை. வைஃபையில் பேசினேன். அம்மாளின் குரல் சுவருக்குள் முடிச்சைத் தாண்டி வந்தது: "ஹ... உங்க... கேக்... சார்..." பிறகு அதுவும் இல்லை.

மறுவாரம் கடிதம் வந்தது. என் பதில்கள் சிறப்பாக இருந்தனவாம், குறிப்பாகக் கடைசிப் பதில். ஆனால் வீட்டு இணைப்பு நம்பும்படி இல்லையாம். அத்தான் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "பாத்தியா, நீ உறிஞ்சுனது கடைசியில உன்னையே கடிச்சிருச்சு," என்றார்.

மாசக் கடைசியில் நடக்கும் மெஷின் வந்தது. ஒரு பக்கம் தூக்க ஆள் வேண்டியிருந்தது, நான் தூக்கினேன். அது உள்ளே போன வழியாகவே என் பையோடு வெளியே வந்தேன்.

இப்போது ஒரு நண்பனின் அறையில், அவன் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் இருக்கிறேன். நேற்று அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் அத்தான், மெஷின்மேல்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா."

"நான் தெளிவா தெரியறேனா?"

"கண்ணாடி மாதிரி தெரியற."

"சொல்லுடி அவன்கிட்ட!" என்றார் அத்தான், மூச்சிரைக்க.

அக்கா கேமராவைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆமாடா... நீ போனதுக்கப்புறம் நெட்டு சும்மா பிச்சிக்கிட்டு..."

அவ்வளவுதான். அக்கா வாய் திறந்தபடி உறைந்தாள். அத்தான் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்தார். இருவருக்கும் பின்னால் அந்தச் சுவர். அது மட்டும் எப்போதும்போல அசையாமல் இருந்தது.

நான் துண்டிக்கவில்லை. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டும்போதும் அக்கா வாயை இப்படித்தான் திறப்பாள்.

"லைன்லயே இருங்கக்கா," என்றேன், தொழில் பழக்கத்தில். "சரியாயிடும்."