பந்தயத் தேநீர்

"கையை நீட்டுக்கா" என்றேன். நீட்டினாள்.

"ஊசிக்கெல்லாம் பயமில்லடி. உன் மூஞ்சியப் பாக்கத்தான் பயமா இருக்கு."

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவள். முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்பதை ஒரு மாதம் மறைத்துவிட்டுத்தான் சொன்னாள். இன்று அவளுக்கு ஆஞ்சியோ, இதயக் குழாய்க்குள் வயர் விட்டுப் படம் எடுப்பது.

எங்கள் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறது. ஆஞ்சியோவுக்கு வருகிறவர்களிடம் கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் எடுத்து, உடம்பில் எங்காவது வீங்கிச் சிவந்து அழற்சி கனன்றால் ஏறுகிற ஒரு புரதத்தைக் கீழே ஆய்வகத்தில் நான் அளப்பேன். இதயக் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லுமா என்பதே கேள்வி. மாடியில் படம் பார்த்துச் சுருக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறவரைப் படக்காரர் என்றே கூப்பிடுவோம். அவருக்கும் எனக்கும் ஒரு பந்தயம். ரத்தத்தை மட்டும் பார்த்து லேசு, நடுத்தரம், கடுமை என்று ஒன்றை நான் முன்கூட்டியே சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். தோற்றவர் டீ வாங்க வேண்டும். பதினோரு நாளாக அவர்தான் வாங்குகிறார். எனக்கு அதில் கர்வம் இருந்தது. யாருடைய இதயம் என்று யோசித்துப் பார்க்காத கர்வம்.

அக்காவின் எண் திரையில் வந்தது. மறுபடி ஓட்டினேன். அதே எண். இதில் பாதி இருந்தவர்களுக்கே கடுமை என்று எழுதி ஜெயித்திருக்கிறேன். லேசு என்று எழுதக் கை போனது. எழுதினால் அவள் குழாய் விரிந்துவிடுமா என்ன? கடுமை என்றே எழுதி ஒட்டினேன், முதல் தடவையாகத் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே.

மதியம் படக்காரர் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னைக்கு டீ நீங்கதாம்மா. ஒரே இடத்துல லேசா சுருங்கியிருக்கு. மாத்திரையே போதும்னுட்டாரு டாக்டர்."

"படம் மாறிடலையே?"

"வயர் உள்ள போறப்ப, 'வளைவுல மெதுவா திருப்புங்க சார்'னு டாக்டருக்கே சொல்லிக் குடுத்த ஆளு உங்க அக்காவத் தவிர வேற யாரும்மா?"

மேலே ஓடினேன். அக்கா மணிக்கட்டில் கட்டோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள், இடது கடைவாயில் மட்டும். அப்போதுதான் கவனித்தேன்.

"வாயத் திற."

"எதுக்குடி?"

"திறக்கா!"

வலது ஓரத்தில் ஈறு பழம் போல வீங்கிச் சிவந்திருந்தது. என்னை ஒரு காலைப்பொழுது முழுக்கக் கொன்ற எண் அங்கே உட்கார்ந்திருந்தது.

"எத்தனை நாளா?"

"பல் டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதடி. அந்த மெஷின் சத்தத்தக் கேட்டாலே உயிர் போயிடும்."

இதயத்துக்குள் வயர் போனபோது வழி சொன்னவள்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியது. கடைக்குப் போய் மூன்று டீ வாங்கினேன். படியேறுவதற்குள் பாதி என் கையில் தளும்பிவிட்டது.

"பந்தயம் தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்றார் படக்காரர்.

அக்கா கோப்பையை வாங்கினாள். சூடு அந்தப் பல்லில் பட்டுவிடாமல் தலையை இடப்பக்கம் சாய்த்தாள். வளைவில் வேனைத் திருப்புகிறவள் போல உடம்பும் கூடவே சாய்ந்தது.