இடைக்கதவு

என் கணவர் றாஸிக் வியாபாரிகள் சங்கக் கூட்டம் முடிந்து வந்தபோது வாயெல்லாம் பல்லாக இருந்தார். சட்டையில் பிரியாணி வாசம். நான் தைத்துக்கொண்டிருந்த அபாயாவை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, சுருட்டிக் கொண்டுவந்த வரைபடத்தை மேசையில் விரித்தார். கல்முனைப் பழைய கடைத்தெருவில் எங்கள் மூன்று வீட்டு வரிசை நிற்கிற இடத்தில், அந்தப் படத்தில் கண்ணாடி பதித்த கட்டிடம் ஒன்று நின்றது.

"நாங்க எல்லாரும் சம்மதிச்சிட்டம், ஆகிலா. வீடுகள உடைச்சிட்டு நாலு மாடி எழும்பப்போகுது. கீழ முன்பக்கக் கட எனக்கு."

"நாங்க எண்டா ஆரு?"

"நான், ஜவுபர் மச்சான், ஆமினா சாச்சிர மருமகன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. உம்மா மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் குடும்பத்து மூத்தவர் ஒருவர் தன் மூன்று பெண்மக்களுக்கும் சேர்த்துக் கட்டிய வரிசை இது. முன்னால் பாலைமரத் தூண் வைத்த நீள விறாந்தை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுண்ணாம்புச் சுவர். சகோதரிகள் தெருவில் இறங்காமல் போய்வர, ஒவ்வொரு நடுச்சுவரிலும் ஒரு சிறிய இடைக்கதவு. இப்போது நடுவீடு என்னுடையது. இடப்பக்கம் எனக்கு ராத்தா, அதாவது அக்கா முறையான ஜெஸீமா, வலப்பக்கம் சின்னம்மா முறையான ஆமினா சாச்சி.

இது ஊரில் காகத்துக்கும் தெரியும். ஆனால் கூட்டம் என்றால் ஆண்கள்தான் போவார்கள், போனால் "என்ட வீடு" என்றுதான் கதைப்பார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர்கள் பெண்டாட்டி வீட்டு நெய்யையே அள்ளி ஊற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

"இது என்ட வீடு," என்றேன்.

"ஓம், ஆரு இல்லெண்ட?" என்றார். அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

மறுநாள் ஆமினா சாச்சியையும் கூட்டிக்கொண்டு, கடைத்தெருவைப் புதிதாகக் கட்டும் அரசாங்கத் திட்டத்தின் அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பாக இருந்த பொறியியலாளர் யசோதினி, பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பிள்ளை. நாங்கள் சொன்னதைக் கேட்டதும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"சொந்தக்காரர் ஆரெண்டு கூட்டத்தில கேட்டன். மூண்டு ஆம்பிளையள் கை தூக்கினாங்க, நானும் எழுதிட்டன். நான் இருக்கிற வீடே எங்கட அம்மா எனக்குத் தந்தது. எனக்கே புத்தியில படயில்லையே!"

பிறகு வேறொரு விஷயம் சொன்னார். முகப்பையும் விறாந்தையையும் சுவர்களையும் பழுதுபார்த்து வைத்துக்கொண்டு, பின்வளவில் புதிதாகக் கட்டவும் திட்டத்தில் இடம் இருக்கிறதாம். ஒருவரும் கேட்கவில்லையாம்.

"ஆனா மூண்டு பேரும் ஒண்டா நிக்கணும். பொதுச்சுவர். ஒரு வீட்ட உடைச்சா மற்ற ரெண்டும் தாங்காது. வியாழக்கிழமை இடிக்கிற அடையாளம் போட வாறம். அதுக்குள்ள சொல்லுங்க."

அன்றே இடைக்கதவால் ஜெஸீமா ராத்தாவின் குசினிக்குள் போனேன். முந்தின நாள் மழைக்கு ஒழுகிய தண்ணீர் பேசின்களில் நிறைந்து நின்றது. ராத்தாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இருக்கிற வீடு மூத்தவளுக்கு. சின்னவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது, அவர்கள் வீடு கேட்டார்கள். புதுக் கட்டிடத்தின் மேல்மாடியில் ஒரு வீடு தருவதாக ராத்தாவின் கணவர் ஜவுபருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வீடில்லாம குமர எப்பிடிக் கரசேர்க்கிற?" என்றார் ராத்தா. "உனக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ள. நாளைக்குக் கலியாணம் முடிச்சிட்டுப் பொண்டாட்டி வீட்டுக்குப் போயிடுவானுகள். உனக்குக் கதைக்க லேசு."

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "ஒழுக்குக்குப் பயந்து ஆரும் வீட்டையே உடைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ராத்தா கையால் இடைக்கதவைக் காட்டினார். நான் என் பக்கம் வந்ததும் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளில் கரையோரத்துச் சனமெல்லாம் இந்த மூன்று வீட்டுக்குள்தான் அடைக்கலம் புகுந்தது. பாயும் கஞ்சியும் இந்தக் கதவுகளால்தான் கைமாறின. அந்தத் தாழ்ப்பாள் விழுந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. கதவடியில் இருந்து அழுதேன்.

அழுது முடித்தபோது ராத்தா சொன்னது சரி என்று பட்டது. அவருக்கு வீடு வேண்டும். வீரம் பேசினால் வீடு வராது. வரிசையில் வீடு கட்டக்கூடிய வெறும் நிலம் என் கிணற்றடியில் மட்டும்தான் இருந்தது. அங்கே ஒரு தையல் மண்டபம் போட்டு, மெஷின்கள் வைத்து, தெருவிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்று வருசக்கணக்காக நினைத்திருந்தேன். அந்த ஆசையை முதலில் சொன்னதும் ஜெஸீமா ராத்தாவிடம்தான். அதை விட மனமில்லை. ஆனால் வரிசை விழுந்தால் மண்டபமும் இல்லை, கிணற்றடியும் இல்லை.

புதன்கிழமை அஸர் தொழுதுவிட்டு மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ராத்தா, என்ட கிணத்தடி வளவ உங்கட சின்ன மகளுக்குத் தாறன். வீட்டக் கட்டுங்க. இந்த வரிச நிக்கட்டும்."

அந்தப் பக்கம் ஒரு பேசின் நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் இரண்டாம் முறை சொல்லவில்லை.

றாஸிக்குக்குத்தான் தலை சுற்றியது. அவருடைய ஹாட்வெயார் கடைச் சாமானெல்லாம் கிணற்றடியில்தான் கிடந்தது. "குழாயெல்லாம் எங்க வைக்கிற?"

"உங்கட உம்மாட வீட்டில வைங்க."

"அங்க தங்கச்சியெல்லோ இரிக்கா. அது அவட வீடு."

"அப்ப அது விளங்குது, என்ன?"

மனிதர் தேத்தண்ணிக் கோப்பையோடு கிணற்றடிக்குப் போய்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை காலையில் யசோதினி வந்தார். சிவப்புப் பெயின்ட் வாளியோடு கூட ஒரு தொழிலாளி. தெருவில் ஆண்கள் கூடிவிட்டார்கள். நான் என் விறாந்தையிலும், ஆமினா சாச்சி தன் விறாந்தையிலும் நின்றோம்.

"வீட்டுக்காரங்களத்தான் இண்டைக்குக் கேக்கப்போறன்," என்றார் யசோதினி.

"குடுக்கமாட்டன்," என்றேன். "நானும்தான்," என்றார் சாச்சி. ஜவுபர் மச்சான் றாஸிக்கைப் பார்த்தார். றாஸிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீடு அவவுட, மச்சான். நான் என்ன சொல்ற?" என்றார். அந்த இடத்தில் என் புருசனை எனக்குப் பிடித்தது.

"அப்ப எங்கட வீட்டுல தொடங்குங்க மிஸ். நாங்க குடுக்கிறம்," என்றார் ஜவுபர் மச்சான்.

"ஜெஸீமா உம்மா வந்து சொல்லட்டும்," என்றார் யசோதினி.

ஜவுபர் மச்சான் போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரலும் இல்லை. மீண்டும் தட்டிப் பார்த்துவிட்டு, "அவவுக்குச் சம்மதம்தான். நீ பூசு தம்பி," என்றார். தொழிலாளி தூரிகையை வாளிக்குள் விட்டான்.

அப்போது எனக்குப் பின்னால், என் வீட்டுக்குள்ளே, துருப்பிடித்த தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. ஜெஸீமா ராத்தா இடைக்கதவால் வந்து, என் தையல் மேசையைத் தாண்டி, என் முன்வாசலால் வெளியே வந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

"என்ட வீட்ட நான் குடுக்கல்ல," என்றார் தன் கணவரைப் பார்த்து. "மிஸ், அந்தப் பெயின்ட மூடச் சொல்லுங்க."

ஜவுபர் மச்சான் தெருச்சனத்தைப் பார்த்துவிட்டு விறாந்தையை விட்டு இறங்கினார். யசோதினி வாளியைத் தானே வாங்கி மூடினார்.

ராத்தா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கிணத்தடியில கீழ உன்ட மெஷின், மேல என்ட புள்ள. அத்திவாரத்த ரெண்டுக்கும் தாங்கிறமாதிரிப் போடச் சொல்லு."

"ஓம் ராத்தா," என்றேன்.

றாஸிக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாய்களை அப்புறப்படுத்தக் கிணற்றடிக்குப் போனார்.